வேப்பூரில் நிறுத்திய கார்

என் வசந்தி அக்காவுக்கு,

கடிதம் என்றால் 'நல்லா இருக்கியா' என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கணும் என்று சொல்லிக்கொடுத்தவள் நீ. இப்போது அதை எப்படிக் கேட்பது? வருகிற பங்குனி வந்தால் நீ போய் மூன்று வருஷம். இங்கே எல்லாரும் இருக்கிறோம். மச்சான் இன்னும் ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். உன் மகள் பவித்ரா காலேஜில் சேர்ந்துவிட்டாள், என்னைப் போலவே விஸ்காம். எனக்கு முன்மண்டை காலியாகிவிட்டது. நீ பார்த்திருந்தால் உன் செராமிக் எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் தனியாக இருக்கும்போது நான் நிறையப் பொய் சொல்வேன் என்று இப்போது எனக்கே தெரிந்துவிட்டது. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பவித்ராவின் காலேஜில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஊடகத்துறையில் என்னென்ன வேலை இருக்கிறது, எப்படிச் சேர்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லணும். மேடையில் என்னை அறிமுகம் செய்ததே பவித்ராதான். உன்னுடைய மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டியிருந்தாள். "எங்க மாமா சினிமா, சீரியல், வெப் சீரிஸ் எல்லாத்துலயும் கிரியேட்டிவ் புரொட்யூசரா இருந்தவங்க. எங்கம்மாதான் அவங்கள படிக்க வச்சாங்க" என்றாள். கைதட்டினார்கள்.

நாற்பது நிமிஷம் பேசினேன். கதையைத் தேர்ந்தெடுப்பது, எழுதுகிறவரையும் பணம் போடுகிறவரையும் சண்டை போடாமல் ஒரே அறையில் உட்காரவைப்பது, தப்பு வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் திருத்துவது என்று என் வேலையை விளக்கினேன். பேசி முடித்ததும் இரண்டாவது வரிசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், வேல என்னான்னு சொன்னீங்க. எவ்ளோ வரும்னு சொல்லவே இல்லியே சார்?"

அரங்கமே சிரித்தது. மேடம் ஒருவர், "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. அது உன் கேள்வி. நான் ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து நீ போனில் கேட்ட முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டாயா என்பதுகூட இரண்டாவதாகத்தான் வரும்.

நீ கேட்டதில் பேராசை கிடையாது. அம்மா போனபோது நான் எட்டாவது. அப்பா அதற்கும் முன்னாலேயே இல்லை. பதினேழு வயதில் நீ பீங்கான் பொம்மை செய்கிற செராமிக் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனாய். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுக்கிற ஃபினிஷிங் வேலை உனக்கு. நூறு பொம்மைக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கூலி. சூளையிலிருந்து வெளியே வரும்போது விரிசல் விட்டது, மூக்கு போனது எல்லாம் உடைசல். அதற்குக் காசு இல்லை. அதனால் யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் உன் வாய் தானாகச் சொல்லும்: "பத்துக்கு ரெண்டு ஒடசல்ல போவும், மீதியச் சொல்லு."

அந்தப் பத்துக்கு எட்டில்தான் என்னைச் சென்னையில் படிக்கவைத்தாய்.

என் வேலையின் பேர் உனக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "டைரக்டருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டாய். "பக்கத்துலக்கா" என்றேன். "பக்கத்துல நிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா? நல்ல ஊருடா அது!" என்றாய். பிறகு ஒருநாள் நீயே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டாய். "யாரோ செஞ்ச கதையில கோடு தெரியாம தொடச்சி விடுற. அவ்ளோதான? நானும் ஃபினிஷிங், நீயும் ஃபினிஷிங்." இருபது வருஷமாக என் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் பொய் அதிகமாகச் சொன்ன பொய். ஒரு சீரியலில் உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது, ஷூட்டிங் இருக்கிற நாளில் இருநூற்றைம்பது ரூபாயும் சாப்பாடும் கொடுத்தார்கள். உன்னிடம் மாசம் பதினைந்தாயிரம் என்றேன். நீ சந்தோஷப்படணும் என்றுதான் சொன்னேன். நீ எஸ்டேட்டில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டாய். அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வந்தால், வாசலில் இரண்டு பேர் உதவி கேட்டு நிற்கிறார்கள். என் பையில் திரும்பிப் போக பஸ் காசு மட்டும்தான். ஓடாத குறையாகச் சென்னைக்குப் போனேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் ஊரில் குறைத்துத்தான் சொல்வது.

எங்கள் தொழிலில் இது வழக்கம், அக்கா. புதுக் கம்பெனிக்காரன் "இதுக்கு முன்னாடி எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்டால் இரண்டு மடங்கு சொல்லணும். அவன் பாதியாகக் குறைப்பான், சரியாக வரும். சொந்தக்காரர் கேட்டால் பாதி சொல்லணும். கூட வேலை செய்கிறவன் கேட்டால் சிரித்துக்கொண்டே டீ சொல்லணும். மூன்று ஆளுக்கு மூன்று பதில். நீ எந்த ஆள் என்று நான் யோசித்திருக்கணும். உன்னைச் சொந்தக்காரர் வரிசையில் உட்காரவைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் "கேக்கட்டும் மேடம்" என்றேன். என்ன தோன்றியதோ, உள்ளது உள்ளபடி சொன்னேன்.

எஃப்.எம். ரேடியோவில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தபோது மாசம் பன்னிரண்டாயிரம். ஒன்றாம் தேதி டாணென்று வந்துவிடும். அதை வைத்து வாடகை கொடுக்கலாம், கல்யாணம் செய்ய முடியாது. விளம்பரப் படத்தில் பத்து நாள் வேலைக்கு ஒன்றரை லட்சம் பேசுவார்கள். கேட்கவே இனிக்கும். கைக்கு வர நாலு மாசம் நடக்கணும். சினிமாவில் போஸ்டரில் பேர் போடுவார்கள், மூன்று தவணை பேசுவார்கள், முதல் தவணை வரும். மற்ற இரண்டையும் கேட்டால் "படம் ஓடலையே சார்" என்பார்கள். ரியாலிட்டி ஷோவில் வாரச் சம்பளம். அடுத்தவர் வீட்டு அழுகையை அளந்து வாங்குகிற வேலை அது, ஒரு சீசனோடு ஓடி வந்துவிட்டேன். யூடியூப் கம்பெனியில் எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதைப் பொறுத்து ஏறும், இறங்கும். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு மொபைல் கேமுக்குக் கதை செய்து கொடுக்கிறேன். சினிமாக்காரன் கொடுத்ததைவிட அதிகம் வருகிறது, ஆனால் என்ன செய்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இத்தனைக்கும் எல்லா இடத்திலும் நான் செய்தது ஒரே வேலை. கதையில் கோடு தெரியாமல் துடைப்பது.

"சீரியல்ல சார்?" என்றாள் அவள். பொல்லாத பெண்.

சீரியலில் எபிசோடுக்குத்தான் கணக்கு என்றேன். நான் கிரியேட்டிவ் புரொட்யூசராக இருந்த சீரியலில் எபிசோடுக்கு மூவாயிரம்.

உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஆயிரம் என்றேன். "அடேய், அப்ப நீயும் பீஸ் ரேட்டுதானா!" என்று நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் கேட்கிறது. வேறு யாராவது இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள், உனக்கோ ஒரே சந்தோஷம், என் வேலை கடைசியில் உனக்குப் புரிந்துவிட்டது என்று. அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் அந்தச் சீரியலைப் பார்த்தாய். கதைக்காக இல்லை. அதில் வருகிற மாமியாரைக் கண்டாலே உனக்கு ஆகாது. எனக்கு எத்தனை பீஸ் ஓடியது என்று எண்ணுவதற்காகப் பார்த்தாய். கிரிக்கெட் வந்து சீரியல் வராத நாளில் போன் வரும்.

"இன்னிக்கு மேட்ச்சப் போட்டுட்டானுங்கடா. ஒனக்கு இன்னிக்கு ஒடசலு. செலவப் பாத்துப் பண்ணு."

ஆயிரத்தை இருபத்தைந்தால் பெருக்கி, பத்துக்கு இரண்டு கழித்து, என் மாச வருமானம் இருபதாயிரம் என்று நீ வைத்துக்கொண்டாய். சென்னையில் அது எதற்கும் போதாது என்று உனக்குத் தெரியும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பார்சலில் வர ஆரம்பித்தன. நான் தின்றேன். கூச்சமே இல்லாமல் தின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வெப் சீரிஸ் வந்தது. மாசம் மூன்று லட்சம், பத்து மாசம். சீரியலை விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நான் விட்ட இடத்தில் வேறு ஒருவர் வந்தார், சீரியல் ஓடிக்கொண்டே இருந்தது. நீயும் எண்ணிக்கொண்டே இருந்தாய். யாருடைய பீஸையோ எனக்காக எண்ணினாய், அக்கா.

ஏன் சொல்லவில்லை? என்னையே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பத்து மாசம் கழித்து ஒன்றும் இல்லாமல் போகும் என்ற பயம் ஒன்று. எங்கள் வேலையில் அது நிஜமான பயம். ஆனால் அதை மட்டும் சொன்னால் இதுவும் பொய்யாகிவிடும். சென்னையில் ஒரு ஃப்ளாட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதில் யார் கையும் படக் கூடாது என்று நினைத்தேன். உன் கையையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் போன் செய்தாய். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். எப்போதும் கேட்கிற மாதிரி கேட்கவில்லை.

"செந்திலு, மொத்தமா கொஞ்சம் வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்குதாடா?"

எஸ்டேட்டில் எவளோ உன்னைப் பிடித்துக் கடன் கேட்கிறாள் என்று நினைத்தேன். தீபாவளிக்கு வாசலில் நின்ற இரண்டு பேரின் முகம் வந்தது. யோசிக்கவே இல்லை. பழகிய வாய்.

"எபிசோடுக்கு ஆயிரம்தானக்கா. அதுலயே ரெண்டு மாசம் பாக்கி."

"அட போடா, பாவமே" என்றாய். "சரி, சாப்புட்டியா? வேளைக்குச் சாப்புடு. வச்சிரட்டா?"

எதுக்குக்கா கேட்டே என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ஊரான் வீட்டுக் கதையில் எல்லாம், இந்தப் பாத்திரம் ஏன் இப்போது இதைக் கேட்கிறது என்று நூறு முறை கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்றைக்கு உன்னிடம் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வந்தேன். அப்போதுதான் கார் வாங்கியிருந்தேன். சாம்பல் நிறம், உள்ளே இன்னும் பிளாஸ்டிக் வாசனை. உளுந்தூர்பேட்டையில் திரும்பினால் நேராக நம் ஊர். நான் திரும்பவில்லை. நேரே வேப்பூர் போய், ஹைவே ஓரம் தெரிந்த ஓட்டல்காரரிடம் சாவியைக் கொடுத்துக் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தேன். நீ காரைப் பார்த்துவிடக் கூடாது. பஸ்ஸில் இடம் இல்லை, நின்றுகொண்டே வந்தேன். வேர்வையோடு வந்து இறங்கியவனைப் பார்த்து, "இப்பிடி கூட்டத்துல வர்றியேடா, ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?" என்று உன் முந்தானையால் துடைத்துவிட்டாய்.

வாசற்படி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கியது. கேட்டேன். "கேஸுடா. மாத்தர குடுத்துருக்காங்க, போயிரும்" என்றாய். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை மச்சான் ஆட்டோவில் வந்தாய். பஸ் நகர்கிற நேரத்தில், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டைப் பையில் எதையோ திணித்தாய். ஐந்நூறு ரூபாய் நோட்டு, நாலாக மடித்தது.

"ஷூட்டிங் இல்லாத மாசத்துக்கு வச்சிக்க. வேணாம்னு சொல்லாத, கெட்ட கோவம் வரும் எனக்கு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். வாங்கிக்கொண்டு வேப்பூரில் இறங்கினேன். அந்த நோட்டைக் கொடுத்து என் காருக்குப் பெட்ரோல் போட்டேன், அக்கா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பெண்டாட்டியிடம்கூட.

பங்குனியில் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு முழுதும் தெரிந்தது. உனக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருந்தது. தனியாரில் நாலு லட்சம் கட்டினால் அந்த வாரமே செய்வார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் செலவு இல்லை, ஆனால் வரிசையில் நிறையப் பேர், உன் முறை சித்திரையில். டாக்டர் இதைச் சொன்ன அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் எனக்குப் போன் செய்திருக்கிறாய்.

"ஒனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரலன்னு சொன்னியாம் மாப்ள" என்றார் மச்சான். "அவங்கிட்ட சொல்லக் கூடாது, சொன்னா எங்கியாச்சும் வட்டிக்கு வாங்கியாந்து குடுத்துட்டுத் தெருவுல நிப்பான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நீ என்னா பண்ணுவ, பாவம். வெசனப்படாத."

அவர் என்னைத் தேற்றினார், அக்கா! பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போது என் பேங்கில் பதினோரு லட்சம் இருந்தது. அந்த நிமிஷமாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஆறு மாசம் கழித்து, இப்போதுதான் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு கதை சொல்லி, பவித்ராவின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டேன். ஊரே என்னைப் புகழ்ந்தது. அக்கா மகளை மகள் மாதிரி பார்க்கிறான் என்றார்கள். அந்தப் புகழையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடிப் பெண் உட்காரவில்லை. கடைசியாக ஒன்று கேட்டாள்.

"நீங்க வாங்குனதுலயே அதிகம் எது சார்? எப்ப?"

எண்ணிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "ஒரு வெப் சீரிஸுக்கு மாசம் மூணு லட்சம். மூணு வருஷத்துக்கு முந்தி. அந்த ஆடியில ஆரம்பிச்சி பத்து மாசம்." அரங்கம் 'ஹோ' என்றது.

மேடைக்குப் பக்கத்தில் உன் மஞ்சள் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள் பவித்ரா. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. விரலை மடக்கினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. உன்னை மாதிரியே எண்ணினாள். என்னைப் பார்த்தாள். கூட்டம் முடிவில் நன்றியுரை சொல்ல வேண்டியவள் அவள்தான். மைக்கைப் பிடிக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன், அன்றைக்கும் கார் வேப்பூரில்தான். மச்சான் ஆட்டோவில் வெளியே போயிருந்தார். புடவையை மாற்றி, மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"அம்மா பஸ் ஸ்டாண்டுலேந்து போன் பண்ணப்ப, நான் பக்கத்துல நின்னேன் மாமா. வச்ச ஒடனே அம்மா என்னா சொல்லிச்சு தெரியுமா? 'தம்பி பாவம்டி'ன்னுச்சு. அப்ப ஒனக்கு மூணு லட்சமா?"

"ஆமா" என்றேன்.

எனக்குத் தெரிந்த எந்தக் கதையிலும் அடுத்து வருகிற வசனம் என்ன என்று யூகித்துவிடுவேன். திட்டுவாள், அழுவாள், பணத்தை வீசி எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் புடவையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா, அக்கா? ஒருநாளாவது சீரியல் முடிவில் என் பேர் மாறியிருந்ததைப் பார்த்தாயா? பார்த்தும் அந்த ஐந்நூறை என் பையில் வைத்தாயா? தெரிந்தே வைத்திருந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"நானே சொல்றேன் கண்ணு. ஞாயித்துக்கெழம வரேன்."

"ஞாயித்துக்கெழம அப்பா சவாரி போவாது. வூட்டுலதான் இருக்கும்" என்றாள். வாசல் வரை வந்தாள். போயிட்டு வரேன் என்றேன். கதவைச் சாத்தாமல் நின்றாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மச்சான் என்ன செய்வார் என்று தெரியவில்லை. கையை ஓங்கலாம். அதைவிட மோசம், மறுபடியும் என்னைத் தேற்றலாம். மன்னிச்சிடுங்க என்று ஆரம்பிக்க மாட்டேன். தொகையைச் சொல்லி ஆரம்பிப்பேன். மாசம் மூன்று லட்சம், பேங்கில் பதினொன்று, அவளிடம் சொன்னது ஆயிரம். இதில் பத்துக்கு இரண்டு கழிக்க ஒன்றும் இல்லை.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நாளைக்கு நான் வேப்பூர் போக மாட்டேன். உளுந்தூர்பேட்டையில் திரும்பி, எஸ்டேட்டைத் தாண்டி, உன் தெருவில் எல்லாரும் பார்க்க, உன் வாசல் வரைக்கும் காரிலேயே வருவேன்.

நீ பையில் வைத்ததை வாங்கிக்கொண்டு போன,
உன் தம்பி
செந்தில்